பதவிப் பெயர் இல்லாத நாற்பது ஆண்டுகள்

ஜேம்ஸ் மாரிசன் கிராம்பி 1906-இல் இறந்தபோது, பிரிட்டிஷ் லைக்கன்களைப் பற்றி அவர் எழுதிவந்த பெருநூல் பாதியில் நின்றது. முதல் பாகம் 1894-இல் வெளிவந்திருந்தது. இரண்டாம் பாகத்தை முடிக்கும் வேலை ஆனி லொரெய்ன் ஸ்மித்திடம் வந்து சேர்ந்தது. லண்டன் சவுத் கென்சிங்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் அவர் அப்போது பதினான்கு ஆண்டுகளாக வேலை பார்த்துவந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஆனாலும் அந்த நிறுவனத்தின் ஊழியர் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. பெண்களுக்கு அங்கே முறையான பணி நியமனம் இல்லை என்பதால், தனியாக ஒதுக்கிய ஒரு நிதியிலிருந்துதான் அவருக்கு ஊதியம் தரப்பட்டது.

கிராம்பியின் நூலை ஸ்மித் முடித்ததில் இன்னொரு விசித்திரமும் உண்டு. லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்த இரட்டை உயிர் என்ற கருத்தைக் கிராம்பி கடுமையாக எதிர்த்தவர். ஸ்மித் அந்த அருங்காட்சியகத்துக்குள் முதன்முதலில் நுழைந்ததோ, அந்த இரட்டை வாழ்வுக்குப் பெயர் கொடுத்த ஜெர்மானிய அறிஞர் ஆன்டன் டி பாரியின் நுண்ணோக்கி ஸ்லைடுகளைச் சீர்செய்வதற்காக. எதிரணியின் பொருட்களோடு வாழ்க்கையைத் தொடங்கியவர், மறுத்தவரின் நூலை முடித்துவைத்து, பிறகு அதையே திருத்தியும் எழுதினார். ஸ்மித்தின் வாழ்க்கையை இந்த இடத்திலிருந்து பார்ப்பதே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. பெண் என்பதால் அவருக்குக் கதவு அடைபட்டது என்பது உண்மை. அதோடு நிறுத்திவிட்டால், கதவுக்கு உள்ளே அமர்ந்து அவர் செய்த வேலை நம் கண்ணில் படாமலே போய்விடும்.

வேலையைப் புரிந்துகொள்ள முதலில் லைக்கனைத் தெரிந்துகொள்ள வேண்டும். செட்டிநாட்டுக் குழம்பிலும் பிரியாணியிலும் போடுகிற கல்பாசி ஒரு லைக்கன்தான். பாறையிலும் மரப்பட்டையிலும் சாம்பல், பச்சை, ஆரஞ்சு நிறத் திட்டுகளாகப் படர்ந்திருப்பவற்றுள் பலவும் லைக்கன்களே. ஒன்றை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால், பின்னிக் கிடக்கும் நிறமற்ற பூஞ்சை இழைகளும், அவற்றுக்கு நடுவே ஓர் அடுக்காகப் பச்சைச் செல்களும் தெரியும். பச்சைச் செல்கள் பாசி. சில இனங்களில் அந்த இடத்தில் சயனோபாக்டீரியா இருக்கும். பாசி ஒளிச்சேர்க்கையால் உணவு ஆக்குகிறது. அதில் ஒரு பங்கைப் பூஞ்சை எடுத்துக்கொண்டு, பாசிக்கு உறைவிடமும் ஈரமும் வெயிலிலிருந்து காப்பும் தருகிறது.

இது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவரை யாருக்கும் தெரியாது. லைக்கன்கள் தனித் தாவர வகுப்பு, உள்ளே இருக்கும் பச்சைச் செல்கள் அவற்றின் சொந்த உறுப்புகள் என்றே நம்பினார்கள். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சைமன் ஷ்வெண்டெனர் 1860-களின் இறுதியில் இதை மறுத்தார். பச்சைச் செல்கள் வெளியே தனித்து வாழக்கூடிய பாசிகள். பூஞ்சை அவற்றை வளைத்துப் பிடித்து வேலை வாங்குகிறது என்றார். பூஞ்சையை எஜமானாகவும் பாசிகளை அடிமைகளாகவும் அவர் வருணித்தது லைக்கன் அறிஞர்களைக் கொதிக்க வைத்தது. வாழ்நாள் முழுக்க ஒரு தாவர வகுப்பைப் பெயரிட்டு வகைப்படுத்தியவர்களிடம், அப்படி ஒரு வகுப்பே கிடையாது, நீங்கள் பார்த்தது ஒட்டுண்ணியும் அதன் இரையும் என்று சொன்னால் கோபம் வராமல் இருக்குமா? ஃபின்லாந்தில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த வில்லியம் நைலாண்டர் எதிர்ப்பின் தலைவர். அவர் வழியில் நின்றவர் கிராம்பி. கொடுங்கோலனான பூஞ்சையிடம் சிறைப்பட்ட பாசிக் கன்னி என்ற பொருளில், ஷ்வெண்டெனரின் கோட்பாட்டை ஒரு மலிவான காதல் கதையாக்கிக் கேலி செய்தார். பெண்ணைச் சிறைப்பட்டவளாக வைத்துத்தான் அந்தக் கேலியே நடந்தது என்பதை இன்று படிப்பவர் கவனிக்காமல் இருக்க முடியாது.

கேலி நிற்கவில்லை, ஆதாரமும் சேர்ந்துகொண்டே போனது. ஃபாமின்ட்சின், பரனெட்ஸ்கி என்ற இரு ரஷ்ய அறிஞர்கள் 1867-லேயே அந்தப் பச்சைச் செல்களை லைக்கனுக்கு வெளியே உயிரோடு வைத்திருந்தார்கள். பிரான்சின் எட்வார் போர்னே 1873-இல் பூஞ்சை இழை பாசிச் செல்லைத் தொட்டுப் பற்றும் விதத்தை இனம் இனமாக விளக்கினார். ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஸ்டால் 1877-இல் பூஞ்சை வித்தையும் பாசியையும் சேர்த்து வளர்த்து லைக்கனையே உருவாக்கிக் காட்டினார். மறு ஆண்டு டி பாரி, வேறுபட்ட உயிர்கள் சேர்ந்து வாழ்வதற்குப் பொதுப் பெயராக ‘சிம்பயோசிஸ்’ என்ற சொல்லைத் தம் உரையில் முன்வைத்தார். அவர் 1888-இல் இறந்தார். அவருடைய ஸ்லைடுகள் பின்னர் லண்டன் அருங்காட்சியகத்தின் கைக்கு வந்தன.

ஸ்மித் லண்டனுக்கு வந்ததும் ஏறக்குறைய அதே 1888-இல்தான். பிறந்தது லிவர்பூலில், 1854 அக்டோபர் 23 அன்று. வளர்ந்தது ஸ்காட்லாந்தின் தென்கோடியில் டம்ஃப்ரீஸ்ஷயர் மாவட்டத்து ஹாஃப்மார்ட்டன் என்ற சிற்றூரில். தந்தை வால்ட்டர் ஸ்மித் அங்கே சுதந்திரத் திருச்சபையின் போதகர். மகளை பிரெஞ்சு படிக்க ஓர்லியான்சுக்கும் ஜெர்மன் படிக்க ட்யூபிங்கனுக்கும் அனுப்பினார்கள். அன்றைய நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்கு அந்தப் படிப்பு திறந்துவிட்ட வேலை ஒன்றே ஒன்று: வசதியானவர்கள் வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வீட்டு ஆசிரியை. ஸ்மித்தும் அதைத்தான் செய்தார். முப்பது வயதைத் தாண்டிய பிறகே தாவரவியல் படிக்க உட்கார்ந்தார். சவுத் கென்சிங்டன் ராயல் அறிவியல் கல்லூரியில் ஆசிரியர் டி. எச். ஸ்காட், பிற்காலத்தில் தொல்தாவரவியலில் புகழ்பெற்றவர். அருங்காட்சியக வேலையைப் பிடித்துக் கொடுத்ததும் ஸ்காட்தான்.

மொழிப் படிப்பை வீணான சுற்றுவழி என்று சொல்லத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. லைக்கன் விவாதத்தில் எழுதப்பட்டவற்றில் முக்கியமானவை ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் இருந்தன. ஷ்வெண்டெனர், போர்னே, ஸ்டால், டி பாரி ஆகியோரை மூலத்திலேயே படிக்கக்கூடியவர் பிரிட்டனின் இயற்கை ஆர்வலர்களிடையே எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பிற்காலத்தில் அவர் எழுதிய நூல்களில் ஐரோப்பியக் கண்டத்தின் ஆய்வுகள் நிரம்பி வழிவதற்கு இந்த ஆசிரியை வேலைக்கான தயாரிப்பும் ஒரு காரணம்.

அருங்காட்சியகத்தில் பூக்காத் தாவரங்களின் தொகுப்பைப் பார்த்துக்கொண்டவர் ஜார்ஜ் மர்ரே. இளமையில் ஸ்ட்ராஸ்பர்க் சென்று டி பாரியிடமே படித்தவர். ஆகவே அந்த ஸ்லைடுகள் அங்கே வெறும் பழம்பொருட்களாகக் கருதப்படவில்லை. பழைய ஸ்லைடில் திசுவைப் பொதிந்த ஊடகம் காய்ந்து சுருங்கும், காற்றுக் குமிழ் புகும், மேல்மூடிக் கண்ணாடி நழுவும். திசுவைக் கிழிக்காமல் எடுத்து, புதிய கண்ணாடியில் மறுபடி பொதிந்து, பெயரையும் குறிப்பையும் பிசகாமல் மாற்றி எழுத வேண்டும். கைவேலை என்று இதைத் தள்ளிவிடுவார்கள். ஆனால் ஒவ்வொரு ஸ்லைடையும் பார்த்துச் சரியாக இருக்கிறதா என்று உறுதிசெய்பவர், அதைச் செய்து முடிப்பதற்குள் பூஞ்சை உடற்கூற்றில் ஒரு முழுப் படிப்பே படித்துவிடுவார்.

ஸ்லைடு வேலை முடிந்த பிறகும் ஸ்மித் வெளியேறவில்லை. 1892 முதல் 1930-களின் தொடக்கம் வரை அதே தொகுப்பில் இருந்தார். வெளிநாடுகளிலிருந்து வந்து குவியும் பூஞ்சை மாதிரிகளை இனங்காண்பது அவர் பொறுப்பு. அங்கோலாவிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் வந்தவற்றைப் பற்றிக் கட்டுரைகள் எழுதிப் புதிய இனங்களுக்குப் பெயரிட்டார். பிரிட்டனில் புதிதாகக் கிடைத்த நுண்பூஞ்சைகளைப் பற்றிச் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து தொடர்ந்து குறிப்புகள் வெளியிட்டார். எந்த மாதிரி வருகிறதோ அதைப் பார்ப்பது, எங்கே ஆள் இல்லையோ அங்கே உட்காருவது என்பதுதான் பதவிப் பெயர் இல்லாதவரின் ஆய்வுத் திட்டம். பூஞ்சையிலிருந்து அவர் லைக்கனுக்கு வந்ததும் இந்த வகையில்தான். கிராம்பி விட்டுச்சென்ற இடம் காலியாக இருந்தது.

அதே கட்டடத்தில் அவரைப் போல வேறு பெண்களும் இருந்தார்கள். டொரோதியா பேட் 1898-இல், பத்தொன்பது வயதில், தானாகவே போய் வேலை கேட்டுச் சேர்ந்தவர். தயார்செய்து கொடுத்த தொல்லுயிர் எச்சங்களின் எண்ணிக்கையைக் கணக்கிட்டு அவருக்குக் கூலி. ஐரிஷ் கடல் கடந்து டப்ளினில் மட்டில்டா நோல்ஸ் 1902 முதல் தேசிய அருங்காட்சியகத்தில் ‘தற்காலிக’ உதவியாளர். அந்தத் தற்காலிகம் முப்பது ஆண்டுகள் நீடித்தது. ஸ்மித்தின் கதையைத் தனி ஒருவருக்கு நேர்ந்த அநீதியாகப் படிப்பதில் பயனில்லை. மலிவாகவும் உரிமை கேட்காமலும் கிடைத்த பெண்களின் திறமையில்தான் அன்றைய தொகுப்புகளில் ஒரு பெரும் பகுதி ஒழுங்குபெற்றது.

பூஞ்சைகளைப் படித்த பெண் என்றதும் உலகம் நினைவுகூர்வது இன்னொருவரை. குழந்தைகளுக்கான முயல் கதைகளால் பின்னாளில் பெயர்பெற்ற பியாட்ரிக்ஸ் பாட்டர், 1890-களில் காளான்களை வியக்கத்தக்க நுட்பத்துடன் வரைந்தார்; வித்துகளை முளைக்கவைத்துப் பார்த்தார். அவருடைய கட்டுரை 1897 ஏப்ரலில் லண்டன் லின்னேயன் கழகத்தின் முன் வைக்கப்பட்டது. பெண்களுக்கு அந்த அரங்கில் இடம் இல்லாததால் கியூ தாவரவியல் தோட்டத்தின் ஜார்ஜ் மாஸே அதை முன்வைத்தார். பின்னர் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, அச்சாகவில்லை. நூறாண்டு கழித்து 1997-இல் கழகம் அவர் நடத்தப்பட்ட விதத்துக்கு வருத்தம் தெரிவித்தது. லைக்கன் இரட்டை உயிர் என்பதை இங்கிலாந்தில் முதலில் சொன்னவர் பாட்டர்தான் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அது சரியல்ல. ஷ்வெண்டெனரின் கோட்பாடு அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே விவாதத்தில் இருந்தது. கழகத்தின் முன் வைத்த கட்டுரையும் காளான் வித்துகள் முளைப்பதைப் பற்றியது. மறுக்கப்பட்ட மேதையின் கதை கேட்பவர் மனத்தில் உடனே ஒட்டிக்கொள்கிறது. நாற்பது ஆண்டு மாதிரிகளைப் பிரித்து எழுதியவரின் கதை ஒட்டுவதில்லை. பாட்டரின் திறமையைக் குறைத்துச் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

லின்னேயன் கழகத்தின் கதவு 1904-இல் திறந்தது. அதற்காகப் பல ஆண்டுகள் மனுப் போட்டுப் போராடியவர் மரியன் ஃபார்க்குஹார்சன் என்ற தாவர ஆர்வலர். முதல் வரிசையில் தேர்வான பெண்களில் ஸ்மித்தும் ஒருவர். போராடிய ஃபார்க்குஹார்சனை மட்டும் உறுப்பினர்கள் வாக்களித்து ஒதுக்கினார்கள். 1908-இல் அவர் தேர்வானபோது நேரில் போய்க் கையெழுத்திட உடல்நலம் இடம் கொடுக்கவில்லை. நிறுவனங்கள் தோற்கும்போதுகூட இப்படி ஒரு கடைசிக் குத்து வைத்துவிட்டுத்தான் தோற்கின்றன. ஸ்மித் பின்னர் அந்தக் கழகத்தின் செயற்குழுவிலும் இருந்தார்.

பூஞ்சையியலாளர்கள் இந்த விஷயத்தில் தாராளமாக இருந்தார்கள். 1896-இல் தொடங்கிய பிரிட்டிஷ் பூஞ்சையியல் கழகம் முதலிலிருந்தே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. யார்க்ஷயர் இயற்கை ஆர்வலர்களின் காளான் தேடும் நடைகளிலிருந்து வளர்ந்த கழகம் அது. காட்டில் கூடையோடு நடப்பவர்களிடையே பட்டம் பதவி பார்ப்பது குறைவாக இருந்திருக்கலாம். தொடக்க உறுப்பினரான ஸ்மித் 1907-இலும் 1917-இலும் தலைவரானார். பகலில் அருங்காட்சியகத்தில் அவருக்குப் பதவியே இல்லை. அதே துறையின் தேசியக் கழகத்துக்கு அவர் தலைவர்.

அவருடைய தம்பியின் வாழ்க்கையை அருகில் வைத்துப் பார்க்கலாம். ஜேம்ஸ் லொரெய்ன் ஸ்மித் எட்டு ஆண்டு இளையவர். உயர் அழுத்த ஆக்சிஜன் நுரையீரலைச் சிதைப்பதை 1899-இல் காட்டினார். அந்த விளைவு அவர் பெயரால் வழங்குகிறது. பெல்ஃபாஸ்ட், மான்செஸ்டர், எடின்பரோ பல்கலைக்கழகங்களில் நோயியல் பேராசிரியர். 1909-இல் ராயல் கழக உறுப்பினர். ஒரே போதகர் வீட்டில் வளர்ந்த இருவர். அக்காவின் முதல் பெரிய நூல் வெளிவந்தபோது தம்பி ஏற்கெனவே அந்த உச்சத்தைத் தொட்டிருந்தார்.

அந்த நூல்தான் கிராம்பியின் இரண்டாம் பாகம். 1911-இல் வந்தது. அதை எழுதும் வேலை எத்தகையது என்று சொல்ல வேண்டும். பிரிட்டனில் அறியப்பட்ட ஒவ்வோர் இனத்துக்கும் பழைய மாதிரிகளை எடுத்துப் பார்க்க வேண்டும். வித்துப் பைகளை நசுக்கி வித்துகளின் நீள அகலத்தையும் அறைகளின் எண்ணிக்கையையும் நிறத்தையும் குறிக்க வேண்டும். நைலாண்டர் 1860-களில் கொண்டுவந்த வேதிச் சோதனைகள் உண்டு: காஸ்டிக் பொட்டாஷ் ஒரு துளி, சலவைத்தூள் கரைசல் ஒரு துளி விட்டால் சில லைக்கன்கள் மஞ்சளாகும், சில சிவக்கும். லைக்கன் இரட்டை உயிர் என்பதை ஏற்க மறுத்த நைலாண்டர் தந்த கருவியை, ஏற்றுக்கொண்டவர்களும் விடாமல் பயன்படுத்தினார்கள். இன்றும் களத்துக்குப் போகிறவர்கள் அந்தக் குப்பிகளைக் கொண்டுபோகிறார்கள்.

அதோடு ஸ்மித் நிற்கவில்லை. கிராம்பியின் முதல் பாகத்தையும் எடுத்து மறுபதிப்புக்காகத் திருத்தி எழுதினார். அது 1918-இல் வந்தது. இரண்டாம் பாகத்தின் திருத்தம் 1926-இல். முன்னோடி ஒருவரின் நூலை, அவர் மறுத்த கோட்பாட்டை ஏற்றுக்கொண்ட தலைமுறைக்கு ஏற்ப மாற்றுவது சங்கடமான காரியம். கிராம்பி பார்த்த மாதிரிகள், கிராம்பி குறித்த இடங்கள் எல்லாம் வேண்டும். அவற்றை அவர் அடுக்கிய சட்டகம் வேண்டாம். சண்டை போடாமல் இதைச் செய்து முடித்ததை அவருடைய பெரிய சாதனையாக நான் மதிப்பிடுவேன். கண்டுபிடிப்புகளின் பட்டியலில் இப்படிப்பட்ட சாதனைக்கு இடம் இருப்பதில்லை.

இந்த வேலைகளுக்கு நடுவே ஓர் அயர்லாந்துப் பயணம். மேற்குக் கரையில் மாயோ மாவட்டத்தை ஒட்டிய கிளேர் தீவின் எல்லா உயிரினங்களையும் கணக்கெடுக்க இயற்கை ஆய்வாளர் ராபர்ட் லாயிட் ப்ரேகர் 1909 முதல் 1911 வரை ஒரு பெரும் ஆய்வை நடத்தினார். லைக்கன்கள் ஸ்மித்தின் பொறுப்பு. அந்த வேலையில் அவரோடு சேர்ந்தவர்தான் முன்பு சொன்ன மட்டில்டா நோல்ஸ். அதற்குப் பிறகு நோல்ஸ் டப்ளினுக்கு அருகே ஹவுத் கடற்கரையில் லைக்கன்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அலை தொடும் பாறையில் கறுப்பு, மேலே ஆரஞ்சு, அதற்கும் மேலே சாம்பல் என்று நிறப் பட்டைகளாக அவை பிரிந்து வளர்வதை 1913-இல் வெளியிட்டார். 1929-இல் அயர்லாந்து முழுவதற்குமான லைக்கன் நூலையும் கொண்டுவந்தார். பதவியில்லாத ஒருவரிடமிருந்து பதவியில்லாத இன்னொருவருக்குத் துறை கைமாறிய விதம் இது.

1921-இல், அறுபத்தாறு வயதில், ஸ்மித்தின் இரண்டு நூல்கள் ஒரே ஆண்டில் வெளிவந்தன. ஒன்று பிரிட்டிஷ் லைக்கன்களை இனங்காண உதவும் கையேடு. பெருநூலை வாங்க முடியாத ஆர்வலருக்கானது. மற்றது ‘லைக்கன்ஸ்’. கேம்பிரிட்ஜ் தாவரவியல் கையேட்டு வரிசையில் வந்த இதில் லைக்கனின் உடலமைப்பு, இனப்பெருக்கம், உணவூட்டம், பரிணாமம், சூழல், பயன்பாடு எல்லாமே உண்டு. லிட்மஸ் தாளுக்கும் ஊதாச் சாயத்துக்கும் மூலமான கடற்கரை லைக்கன்கள், கலைமான்கள் மேயும் வடபுலத்து லைக்கன்கள், பஞ்ச காலத்தில் மனிதர் உண்டவை என்று பலதும் அங்கே வருகின்றன. நூலின் தொடக்கத்தில் துறையின் வரலாறு. ஷ்வெண்டெனர் சண்டையின் இரு தரப்பையும் நிதானமாக எடுத்துச்சொல்லும் அவர், எந்தச் சோதனை எதை நிறுவியது என்பதில்தான் கவனம் வைக்கிறார். லைக்கன்களைப் பூஞ்சைகளின் வெவ்வேறு கிளைகளிலிருந்து தனித்தனியே தோன்றியவையாக அவர் பார்த்தார். பூஞ்சைத் தொகுப்பில் பல ஆண்டுகள் உட்கார்ந்த பிறகு லைக்கனுக்கு வந்தவருக்கு அந்தப் பார்வை இயல்பு. லைக்கனிலேயே தொடங்கி லைக்கனிலேயே முடித்த கிராம்பிக்கு அது வாய்க்கவில்லை. இன்று லைக்கனின் அறிவியல் பெயர் அதிலுள்ள பூஞ்சையின் பெயராகவே கொள்ளப்படுகிறது. லைக்கனாகும் வழக்கம் பல பூஞ்சைக் கிளைகளில் தனித்தனியே தோன்றியது என்பதும் பொதுவாக ஏற்கப்பட்டுவிட்டது.

லைக்கன் சேர்ந்து வாழ்வதைக் கண்டு அதை ஸ்மித்தின் வாழ்க்கைக்கே உவமையாக்கும் ஆசை எழுதுபவருக்கு வரும். அருங்காட்சியகம் பூஞ்சை, உழைக்கும் பெண் பாசி என்று. விட்டுவிடலாம். கிராம்பி செய்த கேலிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

1934-இல், ஏறக்குறைய எண்பது வயதில், அவருக்கு ஓ.பி.இ. விருது கிடைத்தது. அரசின் சிறப்பு ஓய்வூதியமும் அவருக்குத் தரப்பட்டது. நாற்பது ஆண்டு வேலை பார்த்த நிறுவனத்தில் ஊழியராக இல்லாதவருக்கு ஓய்வூதியம் வேறு வழியாகத்தான் வர முடியும். 1937 செப்டம்பரில் லண்டனில் இறந்தார். அவருக்குப் பின் பிரிட்டனில் லைக்கன் ஆய்வு இருபது ஆண்டுகள் சோர்ந்து கிடந்தது. பிரிட்டிஷ் லைக்கன் கழகம் 1958-இல் உருவானபோது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முன்னால் இருந்த முழுமையான விவரிப்பு அவருடைய திருத்தப் பதிப்பாகவே இருந்தது. ‘லைக்கன்ஸ்’ 1975-இல் மறுபடி அச்சானது. அதன் உணவூட்டப் பகுதிகள் பழசாகிவிட்டன. கதிரியக்கக் கார்பனைக் கொண்டு பாசியிலிருந்து பூஞ்சைக்கு என்ன சர்க்கரை போகிறது என்று அளந்த சோதனைகள் அவர் காலத்துக்குப் பிந்தியவை. சில லைக்கன்களில் மூன்றாவதாக ஓர் ஈஸ்ட்டும் இருப்பது 2016-இல்தான் தெரியவந்தது. வரலாற்று அத்தியாயம் மட்டும் இன்னும் பழசாகவில்லை. ஷ்வெண்டெனருக்கு முந்தைய அறிஞர்கள் எதை நம்பினார்கள், ஏன் நம்பினார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இப்போதும் அங்கேதான் முதலில் போகிறார்கள். அவர் பெயரிட்ட இனங்களின் பின்னால் ‘ஏ.எல்.எஸ்எம்.’ என்ற சுருக்கக் குறியீடு வகைப்பாட்டு நூல்களில் தொடர்ந்து அச்சாகிவருகிறது.